நான் காரை விட்டு இறங்கிய சனிக்கிழமை

நேற்று மாலைச் செய்தியில் மறுபடியும் அமெரிக்கா வந்தது. ஒரு கறுப்பின மனிதர், ஒரு கார், இரண்டு பொலிஸ்காரர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நீ என்னைப் பார்த்து, "ஏனப்பா அக்கா உதுகளைப் பாக்கிறேல்லை?" என்று கேட்டாய். நான் ரீவியை நிறுத்திவிட்டு, "பேந்து சொல்லுறன்" என்றேன்.

இந்த வீட்டில், பிறகு பிறகு என்று, அந்தப் "பேந்து" கன வருடமாகக் கிடக்கிறது. வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பகிடி விட்டு மழுப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன் எழுதுவது, வசனங்கள் முன்பின்னாக இருக்கும். சின்னவளே, இது உனக்கு. ஆனால் அக்காவும் வாசிக்க வேண்டும். நான் எங்கேயாவது பிழையாக எழுதியிருந்தால் அவள்தான் திருத்தலாம். ஏனென்றால் அன்றைக்கு அந்தக் காருக்குள் இருந்தது நானும் அவளும் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீ இன்னும் பிறக்கவில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்தோம். அக்காவுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு இரண்டரை மணிக்கு முடியும். நான் வாசலில் நின்று ஏற்றிக்கொண்டு வருவேன். வரும் வழியில் எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. நேரே வீட்டுக்குப் போகாமல், மில்லிக்கன் பக்கம் காரைத் திருப்பி, புதிதாகக் கட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லப் போவோம். ஒரு தெருவுக்கு ஒரு வீடுதான் எடுக்கலாம் என்பது சட்டம். எடுத்த பிறகு மாற்றவும் முடியாது. அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இது வேண்டாம் அப்பா, கராஜ் கதவு சிரிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். "அப்ப அழுகிற கதவா தேடுவம்" என்பேன். வாங்க வசதி இருந்தவர்கள் வாங்கினார்கள். நாங்கள் பார்த்தோம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அன்றைக்கு மூன்றாவது தெருவுக்குள் திரும்பியதும் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் மின்னியது. யாரோ ஒருவர், ஒரு கார் நடைவேகத்தில் வீடுகளை நோட்டம் விட்டுக்கொண்டு போகிறது என்று பொலிசுக்கு ஃபோன் செய்தாராம். அது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பின்னால் பொலிஸ் என்பது மட்டும்தான்.

நான் என்ன செய்தேன் என்பதை நீ விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால், அதற்கு முன் நான் எங்கே கார் ஓட்டவும் பஸ் ஏறவும் பழகினேன் என்பது தெரிய வேண்டும். எங்கள் ஊரில், சிலோனில், ஆமி மறிக்கிற சென்றிப் பொயின்ற் என்றால் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆமிக்காரன் உன்னிடம் வரக்கூடாது, நீதான் அவனிடம் போக வேண்டும். வாகனம் நின்ற உடனே இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கேட்க முன்னம் எடுத்து, நெஞ்சுக்கு நேரே தெரியப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். உள்ளேயே இருந்தால் எதையோ ஒளிக்கிறாய் என்று அர்த்தம். அவன் கத்தினால் நீ பிந்திவிட்டாய், இன்னும் கெதியாகப் போக வேண்டும் என்று அர்த்தம். இது எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலிருந்து பழகியது. யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி.

காரை ஓரம் கட்டினேன். எஞ்சினை நிறுத்தினேன். அக்காவிடம், "இருங்கோ பிள்ளை, காட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லி இறங்கினேன். பின்பொக்கற்றில் கையை விட்டுப் பேர்ஸை எடுத்து, லைசென்ஸ் தெரிய உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் காரை நோக்கி நடந்தேன்.

பொலிஸ்காரர் கதவைத் திறந்தபடியே கத்தினார். திரும்பிக் காருக்குள் போ என்றுதான் கத்தினார். எனக்கு அது விளங்கியது. ஆங்கிலம் விளங்காமல் நடந்த பிழையென்று பிறகு பல பேர் சொன்னார்கள், அப்படியில்லை. காதுக்கு விளங்கியது, காலுக்கு விளங்கவில்லை. அவர் கத்தக் கத்த என் கால்கள் கெதியாகின. அவருடைய கை இடுப்பில் துவக்குக்குப் போனதைக் கண்டேன். மற்றவர் பக்கத்தால் வந்து என் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அடுத்தது என் கன்னம் அவர்களுடைய காரின் பொனற்றில் கிடந்தது. அது சூடாக இருந்தது. என் மூக்குக்கண்ணாடி எங்கோ போய் விழுந்தது.

எந்த காங், எந்தச் சண்டைக் கூட்டம் என்று கேட்டார் இருவரில் மூத்த பொலிஸ்காரர். அப்போது எங்கள் பெடியள் சிலர் கூட்டம் சேர்ந்து அடிபட்டதால் தமிழன் என்றால் அந்தக் கேள்வி தயாராக இருந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. முன்னந்தலை வெளிக்கத் தொடங்கியிருந்தது. கார் சீற்றில் தமிழ் அரிச்சுவடியும் பாதி கடித்த ஒரு ரோல்ஸும் கிடந்தன. எந்த காங் என்று நான் என்னத்தைச் சொல்ல?

அப்போது அக்காவின் குரல் கேட்டது. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற வடிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: அவர் என் அப்பா, நாங்கள் வீடு பார்க்கிறோம்.

மூத்தவர் சிரித்தார். "எந்த வீடு வாங்கப் போகிறீர்கள்?" என்று அவளிடம் கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

காரைத் திறந்து பார்த்தார்கள். டிக்கியைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சின்ன அட்டையில் என் பெயர், உயரம், பாரம் எல்லாம் எழுதினார்கள். தோலின் நிறம் என்ற இடம் வந்தபோது மூத்தவர் என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். ரிக்கற் தரவில்லை. என்ன குற்றம் என்றும் சொல்லவில்லை. இது உங்கள் நாடு இல்லை, இங்கே வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி, நல்ல நாளாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

லிஃப்ற்றில் ஏறும்போது நான் அக்காவிடம் ஒரு பொய் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதை நினைத்தால் கை நொந்ததைவிட இப்போதும் நோகிறது.

"அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ பிள்ளை. படியிலை சறுக்கி விழுந்ததெண்டு சொல்லுவம்."

"எந்தப் படி அப்பா? எங்களுக்கு லிஃப்ற் எல்லே?"

"பள்ளிக்கூடத்துப் படி."

"ஏன் சொல்லக் கூடாது? நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே."

அந்த நேரம் "ஓம், நான் ஒண்டும் செய்யேல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லிஃப்ற்றின் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் அம்மா மணிக்கட்டில் எண்ணெய் பூசும்போது விரல் அடையாளங்களைக் கண்டுவிட்டா. "படி உங்கடை கையைப் பிடிச்சு முறுக்கினதோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு எல்லாம் சொன்னேன். அக்கா அறை வாசலில் நின்று, நான் சொன்னதைவிட நான் முதலில் பொய் சொன்னதைத்தான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் செவ்வாய்க்கிழமை காலை, பாலுக்குள் சீரியல் ஊறிக்கொண்டிருக்க, அவள் இதைக் கேட்டாள்:

"அப்பா, நீங்கள் சிலோனிலை ஏதும் செய்தனீங்களோ?"

"ஏனம்மா அப்பிடிக் கேக்கிறீங்கள்?"

"பொலிஸ் சும்மா பிடிக்காது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதரைப் பொலிஸ்காரர் சூழ நின்று அடிக்கிற படம் ரீவியில் திரும்பத் திரும்ப ஓடியது. வீட்டில் என் சிநேகிதர்கள் நாலு பேர் இருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டு பார்த்தோம். "பாவமடா, என்னத்துக்கு இப்பிடி அடிக்கிறாங்கள்?" என்று ஒருவன் கேட்க, நான்தான் சொன்னேன்: "சும்மா பிடிப்பாங்களே? கறுவல் ஏதும் செய்திருப்பான்." அந்தச் சொல்லை அப்போது வீடுகளில் எல்லோரும் உப்புப் புளி மாதிரிப் பாவித்தோம். அக்கா என் மடியில் இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் சும்மாவே பிடிப்பார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னோடு படித்த ஒருவன் கடைக்குப் பாண் வாங்கப் போய்த் திரும்பி வரவில்லை. அப்படியிருக்க, இந்த நாட்டுப் பக்கத்தில் பொலிஸ் சும்மா பிடிக்காது என்று நான் நம்பினேன். நம்பத்தான் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் எதற்கு வந்தோம்? அந்த மனிதர் அடிபட்டதைப் பார்த்து, அவர் ஏதோ செய்திருப்பார் என்று சொன்னால், ஒன்றும் செய்யாத நான் தப்பிவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை என் பிள்ளை என்னிடமே திருப்பிக் கேட்டாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை" என்றேன். அவள் "ம்" என்றாள். அது நம்பிய "ம்" இல்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பால் வரும்போது அவள் பின்சீற்றில் நடுவில் இருந்துகொண்டு நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். நான் வேகத்தைக் குறைத்தால், "கெதியா ஓடுங்கோ அப்பா" என்பாள்.

பொலிசில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்தது அப்போதுதான். எனக்குக் காசோ தண்டனையோ வேண்டியிருக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் ஒருவர் கடதாசியில், இந்த மனிதன் பிழை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதித் தர வேண்டும். அதை அக்கா வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் இருந்த ஒரு அண்ணை கேள்விப்பட்டு ஓடி வந்தார். நல்ல மனிதர். கைக்குப் பூச ஒரு போத்தல் தைலமும் கொண்டுவந்தார்.

"தம்பி, உனக்கென்ன விசரே? சிற்றிசனுக்கு எழுதிப்போட்டு இருக்கிறாய். இந்த நேரம் பொலிசோடை கொழுவப் போறியே?"

"கொழுவேல்லை அண்ணை. நடந்ததைச் சொல்லப் போறன்."

"நடந்தது என்ன? கையைத்தானே முறுக்கினவங்கள். உயிரோடை விட்டவங்கள்தானே. உதுக்குப் போய்க் கடதாசி எழுதுறான்!" உங்கள் அம்மாவைப் பார்த்து, "பிள்ளை, நீராவது சொல்லும்" என்றார்.

அம்மா தேத்தண்ணியை அவர் முன் வைத்துவிட்டு, "உயிரோடை விட்டதுக்கு நன்றிக் கடிதமும் எழுதச் சொல்லுறியளோ அண்ணை?" என்று கேட்டா. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் அப்போது ஜன்னல் செய்யும் ஒரு பக்ரறியில் வேலை. பெரிய கண்ணாடித் தகடுகளை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். என் மற்றப் பக்கத்தில் நின்றவர் ஜமேக்காக்காரர். மூன்று வருடமாக ஒரே கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தவர்கள் நாங்கள். ஒருவர் கை தளர்ந்தால் மற்றவருக்கு உடனே தெரியும். அந்தக் கிழமை என் பக்கம் இரண்டு தடவை தாழ்ந்தது. அவர் கண்ணாடியை இறக்கி வைக்கச் சொல்லி, என் கையுறையைக் கழற்றிப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நான் இறங்கி நடந்த இடம் வந்ததும் அவர் சாப்பாட்டை வைத்துவிட்டார்.

"நீ அவர்களை நோக்கி நடந்தாயா? பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டா?"

"லைசென்ஸ் எடுத்தேன்."

"சகோதரா," என்றார், "நீ இன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதே பெரிய விஷயம்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தன் மகனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்தால் நடந்து வரும்போது எத்தனை தரம் மறித்திருக்கிறார்கள் என்று எண்ணுவதை அவன் விட்டுவிட்டான் என்றார். நியூயோர்க்கில் இருக்கும் அவருடைய தங்கை, கனடாவில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைத்தானே என்று கேட்பாளாம். அவர் இல்லை என்று சொல்லிவிடுவாராம், அவள் ஒரு இடத்தையாவது நினைத்து நிம்மதியாக இருக்கட்டும் என்று. முறைப்பாடு தானும் இரண்டு தடவை கொடுத்ததாகச் சொன்னார். இரண்டு தடவையும் ஒரே மாதிரிக் கடிதம் வந்ததாம்.

"பிறகு ஏன் இரண்டாம் தரம் கொடுத்தாய்?"

"மகன் பார்த்துக்கொண்டு நின்றான்," என்றார்.

அவர் என்னோடு வந்தார். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸும் சப்வேயும் மாறி நகரத்துக்குள் போனோம். கையில் மூன்று தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல உங்கள் அம்மா எழுதி, பிறகு ஒரு தெரிந்த பிள்ளையைக் கொண்டு ஆங்கிலமாக்கியது. அக்காவை இதற்குள் இழுக்கக் கூடாது என்று நினைத்தேன். அது நான் விட்ட அடுத்த பிழை.

முறைப்பாட்டு அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என்னோடு வந்தவரைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டார். "இல்லை, சிநேகிதன்," என்றார் அவர்.

அங்கே என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. காரை விட்டு இறங்கினீர்களா? ஓம். உள்ளே போகச் சொன்னது கேட்டதா? ஓம். சொன்ன பிறகும் அவர்களை நோக்கி நடந்தீர்களா? ஓம். அவர் எழுதிக்கொண்டார். ஏன் நடந்தீர்கள் என்று அவர் கேட்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சென்றிப் பொயின்ற் பற்றிச் சொல்ல பஸ்ஸில் வரும்போதே வசனம் வசனமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் பேனாவை மூடினார். நானாகவே தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில், அது இங்கே சம்பந்தமில்லை, இது கனடா என்றார்.

"என் மகள் பார்த்தவள். காருக்குள் இருந்தவள்," என்றேன்.

எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்.

திரும்பும்போது சப்வேயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அந்தச் சிநேகிதரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. ரீவிக்கு முன்னால் நான் சொன்னதையும், அந்தச் சொல்லையும். சொல்ல என்னுடைய ஆங்கிலம் காணாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஆங்கிலம் காணும். தைரியம்தான் காணாமல் போயிற்று. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.

அக்காவைக் கூப்பிடவில்லை. மாதங்கள் போயின. நடுவில் எங்களுக்குச் சிற்றிசன் கிடைத்தது. அண்ணை பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மண்டபத்தில் நூறு பேரோடு கையை உயர்த்திச் சத்தியம் செய்தோம். அக்கா தேசிய கீதத்தைப் பார்க்காமல் பாடினாள், நான் வாயசைத்தேன். அந்த உயர்த்திய கை, அவர்கள் முறுக்கிய அதே கைதான். எனக்கு அன்றைக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து கிடந்த தபாலை மேசையில் கொட்டி, வழக்கம்போல் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மின்சாரக் கம்பனி. பல் டொக்டர். மூன்றாவதை எடுத்ததும் எனக்கு உறையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "அதைத் தாங்கோ பிள்ளை" என்று சொல்வதற்குள் அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் ஆங்கிலத்தில், பிறகு எனக்காகத் தமிழில்.

பொலிஸ்காரர் இருவரும் நிலைமைக்கு ஏற்றபடி நியாயமாக நடந்துகொண்டார்கள். முறைப்பாடு செய்தவர் கட்டளைக்குப் பணியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். தவறு நடந்ததற்கு ஆதாரம் இல்லை. மேலதிக நடவடிக்கை இல்லை.

"ஆதாரம் இல்லை" என்பதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னை ஏனப்பா ஒருதரும் கேக்கேல்லை?"

"நீங்கள் சின்னப் பிள்ளை எண்டு விட்டிட்டினம்."

"நீங்களும் கேக்கேல்லை."

சின்னவளே, அவள் சொன்னது சரி. இந்தப் பிள்ளை நம்ப வேண்டும் என்று எட்டு மாதம் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தேன். இவள் என்ன கண்டாள் என்று ஒரு நாள் கேட்கவில்லை. மறந்திருப்பாள், கிளறக் கூடாது என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு வெட்கம். அந்தப் பொனற்றில் கிடந்த அப்பாவைப் பற்றி அவள் வாயால் கேட்க எனக்கு ஏலாமல் இருந்தது.

அவளுடைய தமிழ் வகுப்புக் கொப்பி ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பேனையை எடுத்தேன்.

"சரி, இப்ப நான் கேக்கிறன். நீங்கள் என்ன கண்டனீங்கள்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரியாதவையெல்லாம் சொன்னாள். எதிர் வீட்டு யன்னலில் ஒரு பெண் நின்று பார்த்ததாகவும், அக்கா கையைக் காட்டியதும் அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டதாகவும் சொன்னாள். என் ஒரு செருப்புக் கழன்று றோட்டில் கிடந்ததைச் சொன்னாள். இளம் பொலிஸ்காரர் புல்லுக்குள் கிடந்த என் மூக்குக்கண்ணாடியை எடுத்து, தன் சேர்ட்டில் துடைத்து, மூத்தவர் பார்க்காத நேரம் என் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்ததைச் சொன்னாள். அதையும் எழுதினேன். கண்டதென்றால் எல்லாவற்றையும்தான் எழுத வேண்டும்.

பிறகு நிறுத்திவிட்டாள்.

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"சொல்லுங்கோ பிள்ளை."

மேசையில் இருந்த உறையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அவர் எந்த வீடு வாங்கப் போறீங்கள் எண்டு கேட்டு சிரிச்சவர் எல்லே?" என்றாள்.

"ஓம்."

"நானும் சிரிச்சனான் அப்பா. You were like that, and I smiled at him. ஏனெண்டு தெரியேல்லை. சிரிச்சால் விட்டிடுவார் எண்டு நினைச்சன்."

அவள் அழவில்லை. எட்டு மாதமாக அழுது முடித்திருப்பாள் போல. என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவள் நடு சீற்றில் இருந்து நேரே பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம், நான் குற்றம் செய்தவன் என்று நினைத்து மட்டுமில்லை. தானும் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்து.

நான் மேலே அந்தச் சனிக்கிழமையை எழுதும்போது ஒன்றை எழுதாமல் விட்டேன். அதை அக்காவுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன், உனக்கு இப்போது சொல்கிறேன். அவர்கள் என் கையை விட்டுவிட்டுப் பேர்ஸைத் திருப்பித் தந்தபோது, நான் தாங்க் யூ என்று சொன்னேன். ஒரு தரமில்லை, இரண்டு தரம். இரண்டாம் தரம் தலையையும் குனிந்தேன்.

"நான் தாங்க் யூ சொன்னனான் பிள்ளை," என்றேன்.

"தெரியும். எனக்குக் கேட்டது."

"அதுவும் விட்டிடுவினம் எண்டுதான்."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குசினியில் உங்கள் அம்மா பைப்பை நிறுத்தியது கேட்டது. அவ வெளியே வரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் இருக்க விட்டா.

"பொலிஸ் சும்மா பிடிக்காது எண்டு நான் சொன்னது பிழை," என்றேன். "அந்த அமெரிக்காக்காரரும் ஒண்டும் செய்திருக்கத் தேவையில்லை. செய்திருந்தாலும் அப்பிடி அடிக்கேலாது. நான் தெரியாமல் கதைச்சனான்."

"அப்ப அதையும் எழுதுங்கோ," என்றாள்.

"எது?"

"நான் சிரிச்சது. நீங்கள் தாங்க் யூ சொன்னது."

"அது என்னத்துக்குப் பிள்ளை? அவங்கள் அதையே பிடிச்சு, பாத்தியளோ, சிரிச்சுக்கொண்டு நன்றி சொன்னவை எண்டு எழுதுவாங்கள்."

"நடந்ததுதானே," என்றாள். ஒன்பது முடிந்து பத்து வயது. "ஏன் சிரிச்சன் எண்டும் எழுதுங்கோ. அதை அவை கேக்கேல்லை."

எழுதினேன். அன்று பின்னேரம் முழுக்க அவள் அதை ஆங்கிலத்தில் ஆக்கினாள். பென்சிலால் ஒருமுறை, பேனையால் ஒருமுறை. முடித்ததும் வாசித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். என்னுடைய ஆங்கிலத்துக்கு அது முழுக்க விளங்காது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் தந்தாள். முதல் வரி எனக்கு விளங்கியது. என் அப்பா பிழை ஒன்றும் செய்யவில்லை என்று இருந்தது. அவள் வாயால் சொன்னதில் அந்த வரி இல்லை, நான் கொப்பியில் எழுதியதிலும் இல்லை. தானாகவே மேலே போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தேன். அந்த முதல் வரி கிடைத்த பிறகு பதிலைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று எழுதினால் வடிவாக இருக்கும். ஆனால் அக்கா வாசிக்கப் போகிறாள், பொய் எழுத ஏலாது. இரண்டு வருடம் தபால் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உறை இருக்கிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை. நேற்று அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் புதிய கோபம் இல்லை. அக்கா எழும்பிப் போனதும்கூடப் பயத்தினால் இல்லை. அது ஏனென்று அவள்தான் சொல்ல வேண்டும். போய்க் கேள். கேட்டால் சொல்லுவாள்.